படகுக்கு ஒரு படுதா

1

போன மாதம், தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் இருந்தபோது என் மகள் கயல்விழியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. "அப்பா, போட்டை இங்க கொண்டு வர முடியுமா? எனக்கு இங்க லேக் இருக்கு, போட்டு இல்ல." அவ்வளவுதான். கீழே ஒரு சிரிப்புப் பொம்மை.

"சரிம்மா, கொண்டு வர்றேன்" என்று உடனே பதில் போட்டேன். போட்டுவிட்டுத் தேநீரைக் குடிக்காமல் கொட்டினேன்.

ஏன் கொட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் மனைவி செல்வியும் நியூசிலாந்தில் ஹாமில்டன் நகரத்தில் இருக்கிறோம். எனக்குப் பால்பவுடர் ஆலையில் வேலை, செல்விக்கு முதியோர் இல்லத்தில். எங்களுக்கு இவள் ஒருத்திதான். படித்து முடித்து, டௌபோ ஏரிக்கரை ஊரில் தண்ணீரைச் சோதிக்கும் வேலைக்குப் போய்விட்டாள். காரில் இரண்டு மணி நேரம். சில சனிக்கிழமைகளில் வருவாள். வந்ததும் படகை இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவோம், அவளும் நானும். சாயங்காலம் வந்து அம்மா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். ஞாயிறு மத்தியானம் கிளம்பிவிடுவாள்.

அவள் வருவது படகுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரியும். அந்தப் படகும் அங்கே போய்விட்டால் அவள் இங்கே எதற்கு வர வேண்டும்? மீன்குழம்பை அம்மாவிடம் கேட்டு அவளே வைத்துக்கொள்வாள். நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய மாதமும் அதுதான். வருஷா வருஷம் அந்த நாளில் செல்வி பால்பாயசம் செய்வாள். இந்த வருஷம் எனக்குப் பாயசமும் கசந்தது.

2

கேரள மலையில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் வண்டன்மேட்டில் பிறந்தவனுக்குப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் வானத்திலிருந்து வரும், இல்லாவிட்டால் ஏலத்தோட்டத்து ஹோஸிலிருந்து வரும். தேக்கடி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே படகு ஏற வந்த வெளியூர்க்காரர்களை என் தம்பி பாண்டி எத்தனையோ முறை ஜீப்பில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறான். எங்கள் வீட்டில் ஒருவரும் ஏறியதில்லை. எனக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது.

கயல் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஊர் மாறிப் போனார். போகும்போது தன் சின்ன அலுமினியப் படகை டிரெய்லரோடு விற்றார். இவள் பிடித்த பிடியில் நின்று என்னை வாங்க வைத்தாள். வாங்கிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. டிரெய்லருக்குத் தனி நம்பர் பலகை வேண்டும், தனித் தகுதிச் சான்று வேண்டும். பின்னால் ஒரு விளக்கு எரியாததற்காக என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். படகு தண்ணீரில் மிதக்குமா மூழ்குமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அது உன் பாடு என்று விட்டுவிட்டார்கள்.

நான் படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மீன் பிடிப்பது, ஓட்டுவது எல்லாம் அவள். பிறகு ஏன் போகிறேன் என்றால், அவள் படகில்தான் தமிழ் பேசுவாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆற்றில் பக்கத்துப் படகுக்காரர்களைக் கிண்டலடிக்க வேண்டுமே, அதற்குத் தமிழ் வசதி. "அப்பா, அந்தத் தொப்பிக்காரரப் பாரு, ஒரு மீனப் புடிச்சிட்டு மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி முழிக்கிறார்" என்பாள். அப்படியே பேச்சு வேலைக்குப் போகும், தோழிகளுக்குப் போகும், மனசில் இருப்பதற்கும் போகும். நான் பலகையை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் பெருமையாகவே சொல்கிறேன். டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது சாமானிய வேலை இல்லை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் ஓடும். என் அப்பா ஜீப் ஓட்டியவர். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கொண்டைஊசி வளைவுகளில் ஏறுவார். இப்போது அதே வேலையைப் பாண்டி செய்கிறான். அந்தக் குடும்பத்துக்காரன் நான், படகுத்துறைச் சரிவில் டிரெய்லரைக் குறுக்கே மாட்டிவிட்டு, பின்னால் வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்து வேர்த்திருக்கிறேன். கயல் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, ஒரே வாகாகத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவாள். எங்கள் பரம்பரையில் அவளை மிஞ்சிய டிரைவர் கிடையாது. அப்பா இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்.

3

படகை அனுப்புவது என்று ஆயிற்று. அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஆற்றில் ஏதோ வேண்டாத சிப்பி வந்து பெருகிவிட்டதாம். அது ஏரிக்குப் போகக் கூடாது. படகை நன்றாகக் கழுவி, சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்திக் கொண்டு வர வேண்டும். எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டியே வளர்ந்தவன் நான், எனக்கு இதெல்லாம் புதிதில்லை. கழுவி உலர்த்தினேன். வழியில் மழை பெய்தால்? மூடித்தானே கொண்டுபோக வேண்டும். கடையில் நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்தேன். எங்கள் பக்கம் தார்ப்பாய்க்குப் படுதா என்று பெயர்.

கட்டுவதற்கு முன் பாண்டியை வீடியோவில் கூப்பிட்டேன். அவன் கம்பம்மெட்டில் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என்னாண்ணே இது, தொட்டி மாதிரி இருக்கு" என்றான் படகைப் பார்த்து.

"டேய், படுதா கட்டணும்டா. எப்புடிக் கட்டலாம்?"

"நம்ம பச்சைக்காய் லோடுக்குக் கட்டுற மாதிரிதான். முன்னாடி ஒரு சாண், பின்னாடி ஒரு சாண் வாய் விட்டுருண்ணே. காத்து ஓடணும்ல."

தோட்டத்தில் அன்றன்று பறித்த பச்சை ஏலக்காயை மூட்டை கட்டி, உலர்த்தும் ஸ்டோருக்கு ஜீப்பில் கொண்டுபோவார்கள். மழைக்குப் படுதா போட வேண்டும். ஆனால் இறுக்கி மூடினால் காய் சூடேறி அவிந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் வாய் விட்டுக் கட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம். படகுக்குள் மிச்சம் மீதி ஈரம் இருந்தாலும் அந்தக் காற்றில் காய்ந்துவிடும் என்று நானும் கணக்குப் போட்டேன். அருமையான யோசனையாகத் தோன்றியது. செல்வி மட்டும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, இது ஜீப்பு போற ரோடு இல்ல, பாத்துக்கங்க" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் படகை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறினோம். மலைப்பாதையில் ஜீப் உருண்டு உருண்டு போகும். இங்கே டிரெய்லர் இழுத்தாலும் தொண்ணூறு வரை போகலாம். எண்பதைத் தொட்டதும் பின்னால் தடதடவென்று சத்தம். கண்ணாடியில் பார்த்தால் படுதா உப்பி, படகைவிடப் பெரிதாக நிற்கிறது. முன்வாய் வழியாகக் காற்று புகுந்து தூக்கிக்கொண்டிருந்தது. ஓரங்கட்டுவதற்குள் ஒரு கயிறு அறுந்தது. பின்னாலேயே போலீஸ் வண்டி, நீல விளக்கோடு.

இறங்கி வந்தது ஒரு பெண் போலீஸ். எனக்கு ஒரு வியாதி உண்டு. காக்கியோ நீலமோ, யூனிஃபார்மைக் கண்டால் என் வாயில் மலையாளம்தான் வரும். வில்லேஜ் ஆபீஸ் முதல் போலீஸ் ஸ்டேஷன் வரை சர்க்காரிடம் மலையாளத்தில் பேசியே பழகிய நாக்கு. "சாரே, ஒரு மினிட்டு, ஞான் கெட்டிக்கோளாம்" என்றேன், ஒரு நிமிஷத்தில் நானே கட்டிக்கொள்கிறேன் என்று, நியூசிலாந்து போலீஸ்காரியிடம். செல்வி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. என்னோடு சேர்ந்து படுதாவை அவிழ்த்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து, புடவை மடிப்பது போல மடித்தார். மடித்து முடித்த பிறகுதான் சொன்னார், இது பறந்து பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் முகத்தில் விழுந்தால் அவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்று. இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறேன், ஒழுங்கான உறை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நேர ஓட்டத்திலேயே படுதா அடித்து அடித்துப் படகின் ஓரப் பெயின்ட் உரிந்திருந்தது. கயல் பள்ளிக்கூட நாளில் அடித்த பெயின்ட் அது.

4

படகு உறை தைக்கும் கடை ஊருக்கு வெளியே இருந்தது. நடத்துவது ஷெரில் என்ற அம்மாள். எட்டூருக்குக் கேட்கும் குரல். அடக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. "இந்தத் தீவில் என்னைவிட நன்றாகத் தைப்பவர் ஒருவரும் இல்லை" என்றுதான் பேச்சையே தொடங்கினார். நான் படுதா கதையைச் சொன்னேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு எங்களை முற்றத்துக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஒரு படகு உறை போட்டு நின்றது. "கையை உள்ளே விடுங்கள், பார்க்கலாம்" என்றார். உறையின் ஓரத்தில் விரலைச் செருகப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. வேகத்தில் இழுத்துப் போகிற படகுக்கு உறை தோல் மாதிரி ஒட்டியிருக்க வேண்டும். எங்கே தொளதொளப்பு இருக்கிறதோ அங்கேதான் காற்று பிடிக்கும், துடிக்கும், பெயின்ட்டை அரைக்கும். துணி பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, கனத்த நெசவாக இருக்க வேண்டும். படகின் முன்கண்ணாடியின் கூர்முனை முட்டும் இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தார். படகைச் சுற்றி வரும் சுருக்குக் கயிற்றை மட்டும் நம்பாமல், பட்டைகளை இறக்கி டிரெய்லரின் இரும்போடு கட்டியிருந்தார். நடுவில் ஒரு கம்பு நின்றது, மழைத்தண்ணீர் குளம் கட்டாமல் வழிய.

"ஈரம்?" என்று கேட்டேன். "எங்கள் ஊரில் வாய் விட்டுக் கட்டுவோம்."

ஷெரில் என்னை முதல் முறையாக மரியாதையோடு பார்த்தார். "அந்த எண்ணம் சரிதான்" என்று என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனார். மேல்துணியில் சின்னதாக ஒரு மூடி, பின்புறம் பார்த்தபடி திறந்திருந்தது. உள்ளே இருக்கும் ஆவி அதன் வழியாகப் போகும், எதிர்காற்று புகாது. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். பாண்டியும் நானும் முழு மடையர்கள் இல்லை. வாயை விட்ட இடம்தான் தப்பு, அளவும்தான் தப்பு. அந்த அம்மாளின் தையலைத் தடவிப் பார்த்தேன். தம்பட்டம் அடித்துக்கொள்வது அத்தனையும் அவருக்குத் தகும்.

"சரி, உங்கள் படகு நிற்கப் போகிறதா, ஓடப் போகிறதா?" என்று கேட்டார்.

மகளிடம் கொண்டுபோய் விடப் போகிறோம், ஒரே பயணம்தான் என்றேன். அப்படியானால் தைத்த உறை எதற்கு என்றார். உள்ளே இருக்கும் சாமான்களை எடுத்துவிட்டு, மழையில்லாத நாளாகப் பார்த்துத் திறந்தபடியே இழுத்துப் போங்கள், போய்ச் சேர்ந்த பிறகு மூடிவைக்க இது போதும் என்று அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய உறையைக் காட்டினார். நிறுத்திவைக்கும் உறை. எந்தப் படகுக்கும் தொளதொளவென்று பொருந்தும்.

செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தெச்ச கவரே வாங்குங்க."

"எதுக்கு? போட்டு இனிமே அங்கதான இருக்கப் போகுது."

"அவகிட்ட ஒரு வார்த்த கேக்குறதுக்கு என்ன?"

"கேட்டா என்ன சொல்லுவா? ஆமாப்பா, இங்கயே கெடக்கட்டும்பான்னு சொல்லுவா. அத என் காதால வேற கேக்கணுமா?"

நான் மெல்லிய உறையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஷெரிலுக்கு எங்கள் பேச்சில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் வெளியே நின்ற எங்கள் படகை அளந்து, அளவுகளைச் சாக்கட்டியால் கடைச் சுவரில் எழுதினார். வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "என் சுவர், என் சாக்கட்டி, உங்களுக்கு என்ன?" என்றார்.

5

வெயிலடித்த ஒரு சனிக்கிழமையில் படகைத் திறந்தபடியே இழுத்துப் போனோம். வழி நெடுக நான் கண்ணாடியில் படகைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போதுகூட இவ்வளவு அழுவேனா தெரியாது என்று செல்வியிடம் சொன்னேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

கயல் வாசலில் காத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். என் கையிலிருந்து சாவியை வாங்கி, தன் வீட்டின் குறுகலான சந்தில் டிரெய்லரை ஒரே முறையில் பின்னால் செலுத்திக் கொட்டகைக்குள் நிறுத்தினாள். எதிர்வீட்டுக்காரர் வேலியோரம் நின்று கைதட்டினார். நானும் கைதட்டினேன்.

உறையை எடுத்துப் போர்த்தினோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சுருக்குக் கயிற்றை இழுக்கப் போனவள் துணியை விரலால் நிமிண்டிப் பார்த்து நின்றாள்.

"அப்பா, திஸ் இஸ் நாட் எ டோவிங் கவர்."

"இல்லம்மா. நிறுத்தி வெக்கிறதுக்கு. இது போதும்ல?"

கயிறு அவள் கையிலேயே இருந்தது. முகம் மாறிவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் வர நேரமானால் இப்படித்தான் நிற்பாள்.

"அப்ப நான் வீட்டுக்கு வரும்போது எப்படி இழுத்துட்டு வர்றது?" என்றாள். தமிழில்தான் கேட்டாள், தரையில் நின்றுகொண்டு. "வீக்டேஸ்ல இங்க ஓட்டலாம், வீக்கெண்ட் அங்க கொண்டு வந்துட்டு, திரும்புறப்ப கழுவிக்கலாம்னு நினைச்சேன். நீ வேற யாரு கூடவும் போட்டுல ஏற மாட்டியே. போட்டை இங்கயே நிறுத்திருன்னா, நான் வர வேணாம்னு சொல்றியா அப்பா?"

அவள் பிரிந்து போகிறாள் என்று ஒரு மாதமாக நான் உருகிக்கொண்டிருக்க, நான் அவளைத் தள்ளிவிடுகிறேன் என்று அவள் நினைத்து நிற்கிறாள். அதுவும் ஒரு துணியைப் பார்த்து. அப்பனும் மகளும் ஒரே மாதிரி மண்டை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏரிக்காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"உங்கப்பா வாங்குன கவர் அது" என்றாள் செல்வி. "நான் வேற வாங்கச் சொன்னேன். அவகிட்ட ஒரு வார்த்த கேளுங்கன்னும் சொன்னேன். எங்க கேட்டாரு. நீ போட்டுக்காகத்தான் வர்றேன்னு அவருக்கு நெனப்பு."

கயல் என்னையே பார்த்தாள். "போட்டுக்காகவா?" என்றாள். "ரெண்டு மணி நேரம் கார் ஓட்டி, அந்த ஓட்டப் போட்டுக்காகவா?" பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே என் தோளில் ஒரு குத்து விட்டாள். நன்றாகவே வலித்தது.

6

மறுநாளே ஷெரிலுக்கு ஃபோன் செய்தேன். என் குரலைக் கேட்டதும், "அளவு சுவரில் பத்திரமாக இருக்கிறது" என்றார். இந்தப் பொம்பளையை என்ன செய்வது. உறை தைத்து முடித்ததும் அதை நேராகக் கயலுக்கே அனுப்பிவைத்தார்.

இந்தச் சனிக்கிழமை அவள் வந்தாள். வரும் வழியில் நல்ல மழை. தெருமுனையில் திரும்பும்போதே பார்த்தேன். சாம்பல் நிற உறை, ஒரு மடிப்பு இல்லை, ஒரு துடிப்பு இல்லை. தண்ணீர் மேலே முத்து முத்தாக உருண்டு வழிந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரே வாகாகப் பின்னால் எடுத்து நிறுத்தினாள். மழைக்கோட்டோடு ஓடிப்போய் ஓரத்தில் விரலைச் செருகிப் பார்த்தேன். நகம் நுழையவில்லை. உறையைக் கழற்றி உள்ளே கையை வைத்தேன், எல்லாம் காய்ந்து கிடந்தது.

பாண்டிக்கு வீடியோவில் காட்டினேன்.

"என்னண்ணே, வாயே விடாமக் கட்டிருக்கு?"

"வாய் இல்லடா, மூக்கு" என்று பின்பக்கம் இருந்த மூடியைக் காட்டினேன். அவன் அதை இரண்டு தடவை கிட்டே காட்டச் சொன்னான். தன் ஜீப் படுதாவில் இப்படி ஒன்று வைத்துத் தைத்தால் என்ன என்று அங்கே யாரிடமோ பேசப் போய்விட்டான்.

மழை விட்டு வெயில் வந்திருந்தது. கயல் காலைச் சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துவிட்டு, "கிளம்பலாமாப்பா? போய் ஜாக்கெட்டப் போட்டுட்டு வா" என்றாள்.

செல்வி அடுப்படியிலிருந்தே சொன்னாள், "விடிஞ்சதுலருந்து மழைக்கோட்டுக்குள்ள அதப் போட்டுக்கிட்டுத்தான்டி வாசல்ல நிக்கிறாரு."